எந்த சைக்கிள் உங்களுக்குச் சரிப்படும்?

கடைக்குள் நுழைந்ததும் கண்ணை இழுப்பது தடித்த டயரும் முன்னால் ஷாக் அப்சார்பரும் வைத்த மவுண்டன் பைக்தான். விற்பவரும் அதைத்தான் முதலில் காட்டுவார். எனவே கடைக்குக் கிளம்பும் முன்பே சைக்கிள் வகையை முடிவுசெய்துவிடுங்கள்.

படி 1: போகும் இடங்களை எழுதுங்கள்

லடாக் கனவை ஓரமாக வையுங்கள். அடுத்த மாதம் நிச்சயமாக எங்கே போவீர்கள், எத்தனை கிலோமீட்டர், எப்படிப்பட்ட சாலை, கையில் என்ன சுமை? இவற்றை ஒரு தாளில் எழுதினால் போதும்.

படி 2: வகையைப் பொருத்துங்கள்

மார்க்கெட், கோயில், பக்கத்துத் தெரு என்றால் பழைய பாணி சாதா சைக்கிளான ரோட்ஸ்டரே ராஜா. நிமிர்ந்து உட்காரலாம். கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் கூடவே வரும். வேட்டி செயினில் மாட்டாது.

தினமும் ஐந்து முதல் இருபது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறீர்களா? ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவான ஹைபிரிட் வாங்குங்கள். 35 முதல் 40 மி.மீ. அகல டயர் நல்ல சாலையில் சுலபமாக உருளும், சின்னக் குழிகளையும் தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஞாயிறு அதிகாலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை வேகமாகப் போக ஆசையென்றால் வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக். டயர் 25, 28 மி.மீ.தான், காற்றுக் குறைந்த நிலையில் குழிக்குள் இறங்கினால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும்.

மவுண்டன் பைக் மண்பாதைக்கும் எஸ்டேட் தடங்களுக்கும் அருமை. தார்ச்சாலையிலோ அதன் மலிவு ஷாக் அப்சார்பர் வெறும் எடை. எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழும், உங்கள் பலத்தில் கொஞ்சம் அதிலேயே வீணாகும்.

பாதி தூரம் ரயில் என்றால் மடக்கு சைக்கிள்.

படி 3: கியர்

சென்னை மாதிரி சமதரைக்குக் கியரே இல்லாமலும் சமாளிக்கலாம். '21 கியர்' என்பது முன்னால் பெடல் பக்கம் 3, பின்சக்கரத்தில் 7 பல்சக்கரம், அவ்வளவுதான். அவற்றில் பல கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஏற்காடோ, 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலையோ ஏற நினைப்பவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தையும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தையும் பாருங்கள். இரண்டிலும் பற்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால் ஏற்றத்தில் முழங்கால் தப்பிக்கும்.

படி 4: அளவு பாருங்கள்

குறுக்குக் கம்பிக்கு மேல் இரு கால்களையும் ஊன்றி நில்லுங்கள். கம்பி உடம்பில் இடிக்கக் கூடாது, இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். அப்புறம் சீட்டில் ஏறி, கீழே உள்ள பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தால் சீட் ரொம்பத் தாழ்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் முட்டி வலி வரும்.

படி 5: வால்வைப் பாருங்கள்

மோட்டார் பைக் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். ரோடு பைக்குகளில் பெரும்பாலும் மெல்லிய வால்வுதான், நுனியில் குட்டித் திருகு இருக்கும். பங்க் குழாய் அதில் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.