பிரெஞ்சு தெரியாத வீட்டில் பிரெஞ்சு வீட்டுப்பாடம்

க.பொ.த. சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாக எடுக்கக்கூடிய மொழிகளுள் பிரெஞ்சும் ஒன்று. கண்டியில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையமும் இருப்பதால், மலையகப் பிள்ளைகள் சிலர் அதைப் படிக்க முன்வருகிறார்கள். பிள்ளை கொப்பியை விரித்ததும், நமக்குத் தெரியாத மொழி என்று பெற்றோர் ஒதுங்கிவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. சொற்களையும் எழுத்துக்கூட்டலையும் பொறுத்தவரை, தமிழ் பழகிய காதும் பொறுமையுமே போதும்.

முதல் சொல்லாகத் தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சிலும் அது 'தே' தான். சீனத்தின் தென்கிழக்குக் கரையோரப் பேச்சிலிருந்து புறப்பட்ட அந்தச் சொல் நம்முடைய தேயிலையிலும் பிரெஞ்சுக்காரரின் கோப்பையிலும் ஒரே ஒலியோடு நிற்கிறது. எழுதும்போது டி, எச், மேலே கீறல் இட்ட ஈ என மூன்று எழுத்துகள், எச் ஒலிப்பதில்லை. ஆங்கிலம் பழகிய பிள்ளை டி எழுத்தைக் கண்டதும் 'ட' என்று நாக்கை மடிக்கும். பிரெஞ்சில் அது பல்லைத் தொடும் தகரம் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், அந்த எழுத்து வரும் மற்றச் சொற்களும் பெரும்பாலும் திருந்திவிடும்.

என் மகள் தரம் 7 இல் படித்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்தாள். நானும் அதைப் பார்த்தே கேள்வி கேட்டேன். சொல்வதெழுதலில் மீனும் பானமும் இடம் மாறிவிட்டன, ஏனெனில் தமிழில் எழுதினால் இரண்டுமே 'புவாஸோன்' ஆகிவிடும். மீனின் முதல் ஒலி 'பட்டம்' என்பதில் உள்ள பகரம், பானத்தின் முதல் ஒலி 'அம்பு' என்பதில் உள்ள பகரம். அதைவிடக் கவனிக்க வேண்டியது நடுவில் வரும் இரண்டு எஸ் எழுத்துகள். மீனில் ஓர் எஸ்ஸை விட்டுவிட்டால் அது 'நஞ்சு' என்ற சொல்லாகிவிடும். ஆங்கிலத்தில் 'பொய்சன்' என்று நாம் எழுதும் அதே ஆறு எழுத்துகள் அவை. இரு உயிரெழுத்துகளுக்கு இடையில் தனி எஸ் நின்றால் இஸட் போல ஒலிக்கும், இரட்டித்தால் எஸ் ஆகவே நிற்கும். 'பசி' என்பதில் தனிச் சகரம் மெலிந்தும் 'பச்சை' என்பதில் இரட்டித்து வலித்தும் வருவதைச் சொல்லிக் காட்டினால் பிள்ளைக்கு இந்த விதி உடனே விளங்கும்.

ஆகவே சொல்லுக்கு நேர் கீழே தமிழ் உச்சரிப்பை எழுத விடாதீர்கள். உச்சரிப்பைக் காதால் பிடிக்கட்டும். 'மேஸோன்', அதாவது வீடு, என்ற சொல்லின் இறுதியில் என் எழுத்து இருந்தாலும் னகரம் முழுதாக ஒலிக்காது. நாம் பேசும்போது 'மரம்', 'வந்தான்' என்பவற்றின் கடைசி மெய்யை வாய் மூடாமல் மூக்கால் விட்டுவிடுகிறோம் அல்லவா, அதற்கு நெருக்கமான ஒலிதான் அது. மலையகத்துப் பேச்சில் வளர்ந்த பிள்ளைக்கு இதைத் தனியாகப் பயிற்ற வேண்டியதே இல்லை.

அடுத்து, சொற்களை மட்டைகளாக்குங்கள். பழைய கலண்டர் தாளை வெட்டி, ஒரு பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் மறுபக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லையும் பிள்ளையே எழுதட்டும். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதக் கூடாது. தமிழில் மேசையும் வீடும் அஃறிணை என்பதோடு முடிந்துவிடும்; பிரெஞ்சில் மேசையும் வீடும் பெண்பால், தேநீரும் புத்தகமும் ஆண்பால். ஆகவே 'லெ தே', 'லா மேஸோன்' என்று முன்சொல்லோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். உயிரொலியில் தொடங்கும் சொல்லில் இந்த முன்சொல் சுருங்கிப் பால் மறைந்துவிடுவதால், பாடசாலையைக் குறிக்கும் சொல்லை 'யூன் எகோல்' என்று, 'ஒரு' என்ற பொருள் தரும் பெண்பால் சொல்லோடு எழுதிவைப்பது நல்லது.

மட்டைகளுக்கு மூன்று வெற்றுப் பெட்டிகள் போதும். முதற்பெட்டியை நாள்தோறும், இரண்டாவதை ஒன்றுவிட்டொரு நாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சரியானது அடுத்த பெட்டிக்குப் போகும், தவறியது எதிலிருந்தாலும் முதற்பெட்டிக்குத் திரும்பும். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியான் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. பரீட்சைக்கு முந்தைய இரவு ஒரு மணிநேரம் உட்காருவதைவிடத் தினமும் பத்து நிமிடம் பயன் தரும்.

எழுத்தின் மேலுள்ள குறிகளைப் பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதற்கு ஹட்டன் பஸ் டிப்போவை நினைவூட்டுங்கள். டிப்போ என்பதே பிரெஞ்சுச் சொல். அங்கே ஈ எழுத்தின்மேல் வலப்பக்கமாக ஏறும் கீறல், ஓ எழுத்தின்மேல் கூரைக்குறி, இறுதியில் ஒலிக்காத டி. அந்தக் கூரை, முன்பு அங்கிருந்து உதிர்ந்துபோன எஸ் எழுத்தின் அடையாளம். ஆங்கில 'டிபொசிட்' என்பதில் அந்த எஸ் இன்னும் இருக்கிறது. மருத்துவமனைக்கும் காட்டுக்கும் உரிய பிரெஞ்சுச் சொற்களிலும் இப்படித்தான்: ஆங்கில 'ஹொஸ்பிட்டல்', 'ஃபொரஸ்ட்' இரண்டிலும் எஸ் நிற்கும் இடத்தருகே பிரெஞ்சில் கூரை நிற்கிறது. 1990 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ எழுத்துகளின் மேலுள்ள கூரையைப் பல சொற்களில் விடலாம் என்றது. ஆனாலும் ஆசிரியர் எழுதிக்கொடுத்தபடியே எழுதுவதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. கைபேசி குறிகளைத் தானாகவே போட்டுக்கொடுத்துவிடும் என்பதால் எழுத்துப் பயிற்சி கையால்தான் நடக்க வேண்டும்.

சொல்வதெழுதலை நீங்களே நடத்தலாம். ஆசிரியரிடம் உச்சரிப்பைச் சரிபார்த்த பின், பிள்ளை அந்த வாரச் சொற்களைக் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்யட்டும். மறுநாள் நீங்கள் ஒவ்வொரு சொல்லாக ஓடவிட்டு நிறுத்துங்கள், பிள்ளை எழுதட்டும். பிறகு அசல் கொப்பியைப் பக்கத்தில் வைத்து, குறிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை, கண் போதும். தவறிய எழுத்தின் கீழ் மட்டும் பென்சிலால் கோடிடுங்கள், சரியானதை நீங்கள் எழுதிக் காட்ட வேண்டாம். பிள்ளை மட்டையைத் தேடி எடுத்துத் தானே திருத்திய பிறகு, அந்த மட்டை முதற்பெட்டிக்குப் போகட்டும்.