பழைய ஹெட்போன் வாங்கும் முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை

காயலான் கடையிலோ பர்மா பஜாரிலோ பழைய ஹெட்போன் கிடைத்தால், விலை பேசுவதற்கு முன், மின்தடையை அளக்கும் ஓம் நிலையில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் அடிப்பகுதியிலும், மறுமுனையை முதலில் நுனியிலும் பிறகு நடு வளையத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், இரு பக்கச் சுருள்களிலும் வயரிலும் அறுபடல் இல்லை என்று கொள்ளலாம்.

ஒலியை எழுப்பும் சுருள் வெறும் மெல்லிய கம்பிதான் என்பதால், அதன் மின்தடை அந்த ஹெட்போனுக்குக் குறிக்கப்பட்ட இம்பிடன்ஸை (ஒலி மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, இதுவும் ஓமில்தான்) ஒட்டியே அமையும்: 1968-இல் முதலில் வந்த சென்ஹைசர் எச்டி 414-இல் 2000 ஓம் அருகிலும், ஏகேஜி கே240 செக்ஸ்டெட்டில் 600 ஓம் அருகிலும் காட்டும். அளவே வராவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயருக்குள் ஷார்ட். முனை படும்போது காதில் மெல்லிய 'டிக்' கேட்டால், ஆம்ப்ளிஃபையர் இல்லாமலேயே இன்னொரு சாட்சியும் கிடைத்துவிடும். காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றில் கிடந்த பிளக்கில் களிம்பு ஏறியிருக்கும்; அதைத் துடைக்காமல் அளந்தால் நல்ல ஹெட்போனையும் பழுதென்று ஒதுக்க நேரிடும்.

ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஹெட்போன்கள் போன்ற எலெக்ட்ரோஸ்டேடிக் வகையில் (மின்னேற்றத்தால் படலம் அதிரும் வகை) சுருளே இல்லாததால் இம்முறை அங்கே உதவாது. வால்யூம் திருகும் மோனோ சுவிட்சும் உள்ளவற்றில், வால்யூமை முழுதாக வைத்து, ஸ்டீரியோவுக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டும். சுருள் உரசுவதையும் டயஃப்ரம் (ஒலி எழுப்ப அதிரும் மெல்லிய படலம்) கிழிந்திருப்பதையும் மீட்டர் காட்டாது. அதற்குப் பாட்டுப் போட்டுத்தான் கேட்க வேண்டும்.