அம்மாவின் டி.எம்.டி. 'நெகட்டிவ்' என்று வந்ததா? கொஞ்சம் பொறுங்கள்

காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டை வீட்டுக்கு இரண்டு மாடி ஏறும்போது, அம்மா நடுப்படியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். வயது 64. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், மூச்சிரைப்பாகவும் அசதியாகவும் மட்டுமே இதய நோய் தெரியலாம் என்பதால் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மூன்று அறிக்கைகள் வந்தன: ஈ.சி.ஜி. (இதயத்தின் மின் பதிவு), எக்கோ (ஒலி அலையால் எடுக்கும் இதயப் படம்), டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை). அவற்றில் ஒன்றை நான் தவறாகப் படித்ததில் ஒரு மாதம் வீணானது. உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

படி 1: ஈ.சி.ஜி.

தாள் கைக்கு வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வெப்பத்தாள். சில மாதங்களில் கோடுகள் மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் தாளே கறுத்துவிடும். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். புதியதில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம். தாளின் மேலே இயந்திரம் தானாக அச்சிடும் வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

படி 2: எக்கோ

முதலில் இ.எஃப். என்ற எண்ணைத் தேடுங்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. அம்மாவுக்கு 60. மதிப்பெண்ணைப் போல நூற்றுக்கு அறுபதுதானா என்று அப்பா கலங்கிப்போனார். யாருக்கும் 100 வராது; 55க்கு மேல் பொதுவாக இயல்பு, 40ம் அதற்குக் கீழும் குறைவு. 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்றும் எழுதியிருந்தது. இதயத் தசை தளர்ந்து விரிவதில் சற்றுத் தாமதம் என்று பொருள். வயதானவர்களிடமும் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் அடிக்கடி காணப்படுவது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எக்கோ எடுக்கும்போது அம்மா படுத்திருக்கிறார். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும், ஓய்வில் எடுத்த எக்கோ இயல்பாகவே வரலாம்.

படி 3: டி.எம்.டி.

நான் தவறியது இங்கேதான். அறிக்கையின் கடைசி வரியில் 'நெகட்டிவ்' என்று இருந்தது. அப்பாடா என்று கோப்பை மூடிவிட்டேன். அடுத்த மாதமும் அம்மா அதே படியில் நின்றார்.

கடைசி வரிக்குப் போகும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: எவ்வளவு நேரம் நடந்தார், எதனால் நிறுத்தினார், இதயத் துடிப்பு எவ்வளவு உயர்ந்தது. 220இலிருந்து வயதைக் கழியுங்கள். வயதுக்கேற்ற உச்சத் துடிப்பு கிடைக்கும்; அம்மாவுக்கு 156. அதில் 85 சதவீதமாவது எட்டியிருக்க வேண்டும், அதாவது சுமார் 133. அம்மா எட்டியது 112. நான்கு நிமிடத்தில் முழங்கால் வலி தாங்காமல் நிறுத்தியிருக்கிறார். இதயத்துக்குப் போதிய வேலையே கொடுக்கப்படவில்லை. அப்படியிருக்க 'நெகட்டிவ்' என்பதற்கு என்ன பொருள்? அடைப்பு இல்லை என்று அது சொல்லவில்லை, சோதனை முடியவில்லை என்றுதான் சொல்கிறது. பரிசோதனை நிலையத்தில் யாரும் இதை எடுத்துச் சொல்லவில்லை.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளும் துடிப்பை உயரவிடாது. சோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 4: அடுத்து என்ன?

"அம்மாவால் நடக்க முடியாது. நடக்காமல் செய்யும் சோதனை எது? அதன் முடிவைப் பொறுத்துச் சிகிச்சையில் எது மாறும்?" இந்த இரண்டு கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஊசி மருந்தால் இதயத்தைத் தூண்டிப் பார்க்கும் எக்கோ, தாலியம் ஸ்கேன் என்று எல்லோரும் சொல்லும் ரத்த ஓட்டச் சோதனை, சாய மருந்து செலுத்தி இதய ரத்தக் குழாய்களை ஸ்கேனில் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் என மூன்று வழிகளை மருத்துவர் சொன்னார். குழாய்களில் சுண்ணாம்புப் படிவு அதிகமிருந்தால் சி.டி.யில் அடைப்பின் அளவு தெளிவாகத் தெரியாது என்று விளக்கி, அம்மாவுக்குத் தாலியம் போதும் என்றார். அதற்கு முந்தைய நாளிலிருந்தே காபி, தேநீர் கூடாது; ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று தெரிந்தது. பிறகு மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோகிராம். ஒரு குழாயில் சுருக்கம். இப்போதைக்கு மாத்திரைகள் போதும் என்று முடிவானது. செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அறிக்கைகளைக் கைப்பேசியில் படமாக வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவரால் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க முடியாது. தேதி வரிசையில் தாள் கோப்புதான் நல்லது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்க மேற்கையில் கட்டும் கருவியை வாங்குங்கள், மணிக்கட்டுக் கருவி வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த வியாசர்பாடி வாசகர் ஒருவர், தன் தந்தையைச் சி.டி. ஆஞ்சியோகிராமுக்கு அழைத்துப்போய், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாததால் திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறார். சி.டி.யோ வழக்கமான ஆஞ்சியோகிராமோ, இரண்டிலும் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே அந்த ரத்தப் பரிசோதனையை முன்பே செய்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். அம்மாவின் கோப்பில் இப்போது கிரியேட்டினின் சீட்டுதான் முதல் தாள்.