இரண்டு கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த எஸ்எம்பிஎஸ்? கார்டிலிருந்து சுவர் பிளக் வரை ஒரு கணக்கு

இரண்டாவது கார்டைச் செருகி ரெண்டர் (3டி காட்சியைப் படமாக்கும் வேலை) ஓடவிட்ட ஐந்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் பட்டென்று அணைகிறது. ப்ளூ ஸ்கிரீன்கூட வருவதில்லை. விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி இருக்கும். கம்ப்யூட்டர் முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத்தான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து இன்னொன்று வாங்கினால், அதுவும் இப்படியே அணையலாம்.

படி 1: வாட் கணக்கு

ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு 170 வாட், இரண்டுக்கு 340. ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸர் பெட்டியில் 65 என்று இருந்தாலும் முழு வேகத்தில் 76 வரை எடுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 70 வையுங்கள். மொத்தம் 486. இதற்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் நிம்மதி.

இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 என்றால் கதையே வேறு. கார்டுகளுக்கு 700, ரைசன் 9 5950எக்ஸுக்கு 142, மற்றவற்றுக்கு 80, ஆக 922. ‘அப்போ 1000 போதுமே’ என்று தோன்றும். போதாது. 350 வாட் என்பது சராசரிதான். சில மில்லிசெகண்டுகளுக்கு கார்டு அதைத் தாண்டி எகிறும். இரண்டும் ஒரே நொடியில் எகிறினால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட் தன் வேலையைச் செய்துவிடும். 1200 வாட் பாருங்கள், ஏடிஎக்ஸ் 3.0 (எஸ்எம்பிஎஸ்களுக்கான தர விதி) அல்லது அதற்குப் பிந்தையதாக. 2022-இல் வந்த அந்த விதிப்படி, புதிய 16 பின் கனெக்டர் உள்ள எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும்.

கையில் 1000 வாட்தான் இருக்கிறதா? எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் இரண்டு கார்டுக்கும் பவர் லிமிட்டை 80 சதவீதமாக இறக்குங்கள். கார்டுக்கு 280 ஆகிவிடும், மொத்தம் 782. வேகம் கொஞ்சம்தான் குறையும். வேலூர்க்காரர்கள் எப்படியும் இதைச் செய்வது நல்லது: எடுக்கும் வாட் அத்தனையும் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வரும். கத்திரி வெயிலில், காட்பாடியில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் 922 வாட் என்பது ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்காருவதற்குச் சமம்.

வாங்கும்போது லேபிளில் இரண்டு இடம் பாருங்கள். 12 வோல்ட் வரியில் ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட முழு வாட் வர வேண்டும். 750-க்கு 62 ஆம்பியர். அடுத்து, அந்த வாட் எத்தனை டிகிரியில் கணக்கிடப்பட்டது என்று. 40 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் நம் ஊர் மே மாதத்தில் நிறைய வித்தியாசம். 50 உள்ளதையே கேளுங்கள்.

படி 2: கேபிள்

அதிகம் கெடுவது இங்கேதான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குப் போகும் 8 பின் கனெக்டர் ஒன்றின் அளவு 150 வாட். போர்டின் ஸ்லாட்டிலிருந்து 75 வரை வரும். 3090-இல் மாடலைப் பொறுத்து இரண்டோ மூன்றோ 8 பின் இருக்கும். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு கனெக்டர் வால் போலத் தொங்கும் அல்லவா, அதைக்கொண்டு ஒரு 3090-ஐ நிரப்பாதீர்கள். இரண்டு கனெக்டரின் சுமையும் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒரே முனை வழியாகப் போகும். பிளாஸ்டிக் பழுப்பாகி இளகுவது அங்கேதான். ஒரு கனெக்டருக்கு ஒரு தனிக் கேபிள்.

சாட்டாவிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் முனை) 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். கணக்கு உங்களுக்கே புரியும்.

இன்னொன்று: பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போனால் எஸ்எஸ்டியோ கார்டோ அப்போதே போய்விடும்.

படி 3: சுவர் பிளக்

எஸ்எம்பிஎஸ் 922 வாட் கொடுக்க, 90 சதவீதத் திறனில், சுவரிலிருந்து சுமார் 1024 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 4.5 ஆம்பியர். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் 5.1. அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மானிட்டர், டேபிள் ஃபேன், சார்ஜர் என்று சேர்த்தால் 6 ஆம்பியர் பிளக்கின் எல்லையை உரசிவிடுவீர்கள். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகக் கொடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெரும்பாலும் பிளக்கில் எர்த் இருக்காது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு கரன்ட் போக வழியில்லாமல் இரும்பில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

யுபிஎஸ் வாங்கினால் விஏ-வைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் சில எஸ்எம்பிஎஸ்கள் கரன்ட் போகும் கணத்தில் அணைந்துவிடும். சைன் வேவ் வேண்டும்.

படி 4: ஓட்டிப் பார்த்தல்

முதலில் ஒரே கார்டோடு அரை மணி நேரம் முழு லோடு கொடுங்கள். பிறகு இரண்டாவதைச் செருகி இன்னொரு அரை மணி. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 12 வோல்ட் அளவு 11.4-க்குக் கீழே போகக்கூடாது. லோடை நிறுத்தி, ஸ்விட்சை அணைத்ததும் ஒவ்வொரு 8 பின் முனையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாமல் சுட்டால், அந்த முனையைக் கழற்றி மறுபடி ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். அப்போதும் சுட்டால் கேபிளை அந்த எஸ்எம்பிஎஸ் கம்பெனியிடமே மாற்றி வாங்குங்கள்.