பழைய தொட்டியில் உப்புநீர் ஊற்றுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு நடுவே, பழைய மூன்றடித் தொட்டி ஒன்றை ஃபில்டர், பவளத் துகள்கள் எல்லாவற்றோடும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைச் சென்ற வாரம் பார்த்தேன். கடல்மீன் வளர்க்கப் போவதாகவும், வினிகர் ஊற்றிக் கழுவிவிட்டால் வேலை முடிந்தது என்றும் அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். “இதில் முன்பு என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டீர்களா, தம்பி?” என்றேன். அவர் விழித்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் விழித்தேன். சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், அதை இங்கே எழுதப் போவதில்லை.

மருந்தின் வரலாற்றைக் கேட்காமல் வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான் வாங்கிய தொட்டியின் கண்ணாடியில் ஒரு கறை கூட இல்லை. உப்புநீர் ஊற்றி, ஆறு வாரம் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமான பிறகே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். அவை நன்றாகத் தின்று நீந்தின. அடுத்து விட்ட இரண்டு இறால்களும் மறுநாள் காலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்து கிடந்தன. உப்பளவு மாறியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடியும் இறால் வாங்கினேன், அவையும் செத்தன. அதன் பிறகுதான் தொட்டியை விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோதெல்லாம் மயில்துத்தம் கரைத்து ஊற்றியதாக அவர் சாதாரணமாகச் சொன்னார்.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை கரைந்த செம்பு, கடல்மீனின் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் மருந்தளவு. இறாலும் நத்தையும் அந்த அளவைத் தாங்குவதில்லை. இத்தனைக்கும் இறாலின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதே செம்பு கலந்த புரதம்தான் என்பது எனக்கு இன்னும் வியப்பு. சுண்ணாம்புச் சத்துள்ள பவளத் துகள்கள் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நீரின் காரத்தன்மை குறையும்போது அது சிறிது சிறிதாக மீண்டும் கரைகிறது. கண்ணாடி மூலைகளில் உள்ள சிலிகான் பசையிலும் ஓரளவு தங்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகவே எவ்வளவுதான் தேய்த்துக் கழுவினாலும் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு மட்டுமே போகும்.

துகள்கள், செராமிக் வளையங்கள், பஞ்சு, காற்றுக்கல் ஆகிய நுண்துளையுள்ள பொருள்களைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். வெறும் தொட்டியில் நீரும் வினிகரும் கலந்து ஒரு நாள் நிறுத்தி, கொட்டிவிட்டுப் பலமுறை அலசுங்கள். பிறகு உப்புநீர் நிரப்பி, ஒரு வாரம் பம்பை ஓடவிட்டு, செம்புச் சோதனைக் கிட்டால் பாருங்கள். சில மருந்துகளில் செம்பு வேறொரு சேர்மத்தோடு பிணைந்திருக்கும் என்பதால், அதையும் காட்டக்கூடிய கிட்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் துகள்களை எறிந்த பின்னும் சோதனைக் குழாயில் நிறம் மெலிதாக ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் தேடிய பிறகு, காற்றுக் குழாயின் நடுவே, காற்றைப் பல கிளைகளாகப் பிரித்துவிடும் ஒரு பழைய கேங் வால்வு கண்ணில் பட்டது. வெள்ளிபோல மின்னிய மேற்பூச்சு உரிந்து, உள்ளே பித்தளையும் அதன்மேல் பச்சைக் களிம்பும் தெரிந்தன. மின்சாரம் நின்றபோதெல்லாம் உப்புநீர் குழாய் வழியே பின்னேறி அந்தக் களிம்பைக் கழுவிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பியிருக்கிறது. பிளாஸ்டிக் வால்வின் விலை எவ்வளவு என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றுவது

குளோரின் வாயு கிளம்பும், கூடவே கூடாது.

பம்பைத் திறக்காமல் கழுவுவது

வெளிப்புறத்தை மட்டும் தேய்ப்பவர்களே அதிகம். சுழலியை வெளியே இழுத்துப் பாருங்கள். அது சுழலும் குழியில் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடுபோலப் படிந்திருக்கும். பித்தளைச் சொம்புக்குப் புளி எப்படியோ, இதற்கு வினிகர் அப்படி: சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். சுழலியில் உள்ள காந்தத்தின் மேலுறை வெடித்துத் துரு எட்டிப் பார்த்தால், அந்தச் சுழலியை உப்புநீரில் இறக்காதீர்கள்.

பழைய ஹைட்ரோமீட்டரை நம்புவது

நீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி இது. முள்ளில் ஒட்டிய உப்பும் காற்றுக் குமிழியும் அளவை மாற்றிவிடும். வினிகரில் ஊறவைத்து நன்னீரில் அலசிய பிறகும், ஒப்படர்த்தி 1.025 என்று அது காட்டுவதை வேறொரு கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கசிவு பார்க்காமல் வரவேற்பறையில் வைப்பது

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 127 லிட்டர் பிடிக்கும். மொட்டை மாடியில் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

பழைய ஹீட்டர்

வாங்க வேண்டாம்.