பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலுக்குக் கடன்: எதற்கு எதை எடுப்பது?

சிறிய அளவில் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் நடத்துகிறீர்களா? எல்லாச் செலவுக்கும் ஒரே கடனை வாங்கிவிடாதீர்கள்.

வண்டி, பவர் ஸ்ப்ரேயர், புகை அடிக்கும் இயந்திரம் போன்றவை பல வருடம் உழைக்கும். இவற்றுக்குத் தவணைக் கடன் சரி. பெரும்பாலும் வாங்கும் பொருளே ஈடாக நிற்கும். ஆனால் தவணைக் காலம் பொருளின் ஆயுளைத் தாண்டக் கூடாது. மூலையில் பழுதாகிக் கிடக்கும் ஸ்ப்ரேயருக்கு மாதாமாதம் பணம் கட்டுவது பெரிய வேதனை.

மருந்து, சம்பளம், பெட்ரோல் செலவுக்கு ஓவர் டிராஃப்ட் (கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி அனுமதித்த வரம்பு வரை எடுக்கும் வசதி) பொருந்தும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்குத்தான் வட்டி. சீசனில் குவிந்து மற்ற மாதங்களில் மந்தமாகும் தொழில் அல்லவா இது!

வங்கிக்குப் போகும்போது வாடிக்கையாளர்களோடு போட்ட வருடாந்திர ஒப்பந்தங்களைக் கையோடு கொண்டு போங்கள். தொழில் உரிமத்தைவிட, மாதம் தவறாமல் வரும் வருமானம்தான் அவர்களுக்கு நம்பிக்கை தரும். அப்புறம், அந்த ஒப்பந்தங்களுக்கு முன்பணம் வாங்கினால் அதுவே வட்டியில்லாத கடன். ஒன்று மட்டும்: மீதமுள்ள சர்வீஸ்களுக்கான மருந்துச் செலவை அதிலிருந்து தனியாக எடுத்து வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், வட்டி ஃபிளாட் முறையா (கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி), குறையும் நிலுவை முறையா (கட்டியது போக மீதிக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். மூன்று வருடக் கடனுக்கு 10% ஃபிளாட் என்றால், மாதத் தவணையில் உண்மையில் கிட்டத்தட்ட 18% கட்டுகிறீர்கள்.