இறக்கை மேல் காற்றை ஊதினால் என்ன ஆகும்? ஹேர் டிரையரை வைத்து ஒரு சோதனை

விமானம் வேகம் குறைந்து தரையிறங்கும்போது இறக்கையின் தூக்குவிசையும் குறையும். அதை ஈடுகட்டத்தான் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் என்ற அசையும் தகட்டைக் கீழே சாய்க்கிறார்கள். ஆனால் ரொம்பச் சாய்த்தால், மேலே ஓடும் காற்று சரிவோடு ஒட்டி இறங்காமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். சரியாக அந்த வளைவில் வேகமான காற்றை மெல்லிய தாரையாக ஊதினால், காற்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஸ்பூன், சார்ட் அட்டை, தையல் நூல், செல்லோ டேப், கனமான டம்ளர், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, குளிர்காற்று வரும் ஹேர் டிரையர்.

படி 1: குழாயில் விரல் பருமனுக்குத் தண்ணீர் விடுங்கள். ஸ்பூனின் காம்பு நுனியைத் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் புடைத்த முதுகை நீரில் மெல்லத் தொடவையுங்கள். தண்ணீர் ஸ்பூனைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஸ்பூன் உள்ளே இழுபடும்! குனிந்து பாருங்கள்: தண்ணீர் முதுகின் வளைவோடு ஒட்டி ஓடி, நுனியில் ஒருபக்கமாகத் திரும்பிப் போகிறது. நீர் ஒருபக்கம் திரும்புவதால் ஸ்பூன் எதிர்ப்பக்கம் நகர்கிறது. தண்ணீரில் பரப்பு இழுவிசையும் கொஞ்சம் உதவும். காற்றில் அது இல்லை. அங்கே தாரை பக்கத்துக் காற்றை இழுத்துக்கொண்டு போவதால், வளைவை ஒட்டி அழுத்தம் குறைந்து தாரையே அந்தப் பக்கம் சாய்கிறது. ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் இதைக் கோவாண்டா விளைவு என்கிறார்கள்.

படி 2: அட்டையை 15 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கடைசி 10 செ.மீ. பகுதியை ஒரு பாட்டில்மேல் வைத்து உருட்டி, மடிப்பு விழாமல் கீழே வளையுங்கள். இதுதான் நம் ஃபிளாப். அதன்மேல் 3 செ.மீ. நூல்துண்டுகளை மேல்முனை மட்டும் ஒட்டுங்கள்.

படி 3: தராசை மேசை ஓரத்தில் வைத்து, அதன்மேல் டம்ளர், டம்ளர்மேல் அட்டை என டேப்பால் ஒட்டுங்கள். ஃபிளாப் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே திரும்பும் காற்று மேசையில் மோதிக் கணக்கைக் கெடுத்துவிடும். அப்புறம் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: டிரையரை அட்டையில் படாமல் பிடித்து, மேற்பரப்பை ஒட்டினாற்போல் முன்னிருந்து பின்னாக ஊதுங்கள். நூல்கள் சரிவோடு படிந்து கிடக்கும். தராசு சுழியத்துக்குக் கீழே இறங்கும். அதுதான் தூக்குவிசை. எண் ஏறினால் காற்று அட்டையைக் கீழே அமுக்குகிறது என்று பொருள். டிரையரை இன்னும் கிடையாகப் பிடியுங்கள்.

சோவியத் ஆன்டனோவ் ஆன்-72 விமானம் செய்வது கிட்டத்தட்ட இதையேதான். 1977-இல் முதன்முதலில் பறந்த அந்த விமானத்தின் ஜெட் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே உட்கார்ந்து ஊதும். எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் யுஎஸ்-2 மீட்பு விமானம். பறப்பதற்கு நான்கு எஞ்சின்கள் போக, இப்படிக் காற்று ஊதுவதற்கென்றே ஐந்தாவது எஞ்சின் ஒன்று அதில் உண்டு. அதனால்தான் மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் கடலில் இறங்க முடிகிறது.

படி 5: இன்னொரு அட்டையை, வளைவுக்குப் பதில் கூரான மடிப்போடு செங்குத்தாக மடித்து, அதிலும் நூல்களை ஒட்டி, படி 3, 4-ஐத் திரும்பச் செய்யுங்கள். இப்போது நூல்கள் தாறுமாறாகத் துடிக்கும். இரண்டு அட்டைகளுக்கும் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.